சாமிப் பிள்ளையை வாங்கப் போன மலை

1

எங்கள் சலவைத் தொழிற்சாலையின் இடைவேளை அறையில் ஒரு கலண்டர் தொங்குகிறது. யாரோ ஒரு பயண முகவர் வருடா வருடம் இனாமாகத் தருவது. இந்த மாதத்துத் தாளைத் திருப்பியபோது பெரு நாட்டு மலை ஒன்றும், அதன்மேல் இன்கா அரசர்கள் கட்டிவிட்டுப் போன கற்சுவர்களும் வந்தன. என்னோடு மடிப்பு இயந்திரத்தில் நிற்கிற ஹைன்ஸ் கோப்பியும் கையுமாக அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ போனது இங்கேதானே?" என்று கேட்டான்.

"இது இல்லை. இது பஸ் போகிற இடம்," என்றேன். "நான் போனது வேறு மலை. அங்கே நடந்துதான் போகலாம். ஒரு மலையை முழுதாக இறங்கி, ஆற்றைக் கடந்து, மற்ற மலையில் ஏற வேண்டும். வரும்போதும் அதே வழிதான்."

ஹைன்ஸ் தலையை ஆட்டினான். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை நாள் முழுக்கச் சூட்டில் இழுத்து மடிக்கிற ஆள், இரண்டு தரிப்பிடம் தள்ளியிருக்கிற கடைக்கும் பஸ் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள், தென்னமெரிக்காவில் போய் நாட்கணக்காக மலை ஏறினான் என்பதை அவனால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. உண்மையைச் சொன்னால் என்னாலும் முடியவில்லை. போய் வந்து இரண்டு வருடம் ஆகிறது. நினைத்துப் பார்த்தால் அரை நித்திரையில் கண்டது போலத்தான் இருக்கிறது. முகிலுக்குள்ளே முன்னால் போகிற கோவேறு கழுதையின் மணிச் சத்தம் மட்டும் கேட்கும். நான் எந்த நாட்டுக்காரன், எந்தப் பாஷைக்காரன் என்பதெல்லாம் அந்த நாட்களில் எனக்கு மறந்து போயிருந்தது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், "ஜேர்மனிக்குப் போனவனுக்குக் கொழுப்புக் கூடிப்போச்சு" என்று சொல்லக்கூடும். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் நான் விடுப்புப் பார்க்கப் போகவில்லை. என் மகளை விலைக்கு வாங்கிக்கொண்டு வரப் போனேன்.

வள்ளிக்கு ஒரு வயது நடந்தபோது காய்ச்சலும் வலிப்பும் வந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதைக்கத் தொடங்கிவிட்டார். என் மனைவி மனோ ஒருவருக்கும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் ஊர் முருகன் கோவில் படியில் கிடத்தினாள். "இது உன்ரை பிள்ளை. என்ரை இல்லை. நான் வளர்க்கிற ஆள் மட்டும்தான்" என்று சொன்னாளாம். பிள்ளையை விற்று வாங்குகிற இந்த வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சாமியின் பொருளை நோய் தொடப் பயப்படும் என்பது கணக்கு. விற்கும்போதே திரும்ப வாங்குகிற கெடுவையும் விலையையும் சொல்லிவிட வேண்டும். மனோ சொல்லியிருக்கிறாள்: "ஏழு வயசிலை இவளின்ரை தகப்பன் காடும் மலையும் நடந்து கதிர்காமத்துக்கு வந்து, ஒரு பிடி அரிசி தந்து வாங்கிக்கொண்டு போவார்."

தகப்பனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேர்த்தி வைக்கிறது அவள், நடக்கிறது நான். எங்கள் வீட்டு வேலைப் பங்கீடு அன்றைக்கும் இன்றைக்கும் இதுதான்.

காய்ச்சல் இறங்கியது. ஆனால் வள்ளிக்கு ஏழு வயது வருவதற்குள் நாடு குழம்பிவிட்டது. தெற்கே கதிர்காமம் போகிற பாதை எங்களுக்கு இல்லாத பாதையாயிற்று. ஏழாவது வயதில் அவள் கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் என் கோட்டுப் பையைப் பிடித்தபடி குளிரில் நின்றாள்.

சாமிப் பிள்ளைக்கு ஏசக்கூடாது, கை நீட்டக்கூடாது. அடுத்தவருடைய பொருள் அல்லவா? அவளுக்குப் பின்னால் பிறந்த மகன் அவளுடைய பங்கு ஏச்சையும் சேர்த்து வாங்கி வளர்ந்தான். வள்ளி மாலைப் பள்ளி விழாவுக்குப் போய்ப் பிந்தி வந்தாலும், கறியைத் தள்ளிவிட்டுப் பாணைத் தின்றாலும், தலைமயிரைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றாலும் மனோ பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள். "என்ரை அம்மா நல்ல மொடேர்ன்" என்று வள்ளி வகுப்பில் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். இந்த விற்ற கதையை அவளுக்கு நாங்கள் சொல்லவே இல்லை. ஜேர்மன் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைக்கு, "உன்னை ஒருமுறை வித்தனாங்கள்" என்று எந்தப் பாஷையில் சொல்வது?

2

பள்ளி இறுதியில் எழுதுகிற அப்பிட்டூர் சோதனை முடிந்த கையோடு வள்ளி இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, பெர்லினுக்குப் போய் அமெரிக்கப் பழங்குடிகளின் வரலாறு படிக்கப்போகிறாள். மற்றது, அதற்கு முதல் சிநேகிதி யூலியாவோடு பெருவுக்குப் போய் அந்த மலையைப் பார்க்கப்போகிறாள். இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் வெதுப்பகத்தில் நின்று காசு சேர்த்திருந்தாள்.

மனோ அன்றைக்கு, "சரி பிள்ளை" என்று சொல்லவில்லை. எழும்பிப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். பிறகு என்னிடம் குசினிக்குள் வைத்துச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, கெடு தாண்டிப் பன்ரெண்டு வருசமாச்சு. குடுத்த பொருளை மீட்காட்டி உடையவர் வந்து எடுப்பார். அதுதான் இவள் எங்களை விட்டிட்டு எட்ட எட்டப் போறாள். நாளைக்கு மலையிலை ஏதும் நடந்தால்?"

"விசர்க் கதை கதையாதையும்," என்றேன். ஆனால் வள்ளிக்குச் சளி, தடிமன் வந்தாலே மனோ இரவிரவாகக் கட்டிலடியில் இருப்பதை இத்தனை வருடமும் பார்த்தவன் நான். அந்தப் பயம் விசர்ப் பயம் இல்லை.

அதோடு இன்னொரு சிக்கலும் இருந்தது. லண்டனிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை கணக்காளர், நல்ல குடும்பம். மனோவுக்கு நல்ல விருப்பம். ஆனால், "சாமியின்ரை பிள்ளையை நாங்கள் எப்பிடித் தாரைவார்த்துக் குடுக்கிறது? முதல் வாங்கோணும்" என்று பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். ஆக, வாங்கினால் அடுத்த நாளே லண்டனுக்கு ரெலிபோன் போகும், பெர்லின் படிப்புக்கு முதல் 'இல்லை' விழும். வாங்காவிட்டால் மனோவுக்குச் சாகும்வரை நித்திரை இல்லை. நடுவில் நான்.

"ஊன்ட்றொப்பிலை அம்மாளிட்டை அரிசியைக் குடுத்து வாங்கினால் என்ன?" என்று கேட்டுப் பார்த்தேன். எங்களுக்குப் பஸ் தூரத்தில் காமாட்சி அம்பாள் இருக்கிறாள்.

"மகனிட்டைக் குடுத்த சாமானைத் தாயிட்டைப் போய்க் கேக்கிறதோ?"

இங்கே முருகன் கோவில்களும் இல்லாமல் இல்லை, ஆனால் அவை பழைய கிடங்குகளிலும் நிலவறைகளிலும் இருந்தன. நேர்த்தியில் மலை இருக்கிறது, நடை இருக்கிறது. முன்னொரு தடவை சவர்லாண்ட் பக்கத்தில் ஒரு குன்றுக்கு அரிசியோடு என்னை அனுப்பினாள். உச்சிக்குப் போனால் அங்கே பியர்க் கடை. பன்றி வாட்டுகிற மணத்துக்குள் வேலவரைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, திரும்பி வந்துவிட்டேன். கதிர்காமத்துக்கோ போக வழியே இல்லை. என்னிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற நீலப் பயணப் புத்தகம். உலகத்தில் எல்லா நாட்டுக்கும் செல்லும், இலங்கையைத் தவிர என்று அதில் அச்சடித்திருக்கும்.

அன்று மாலை வள்ளி வரைபடத்தை மேசையில் விரித்துத் தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். மனோ மாப் பிசைந்துகொண்டே கேட்டாள், "அந்த மலைக்கு என்ன பேர் பிள்ளை?"

"சொக்கெகிராவ். பொன் தொட்டில் எண்டு அர்த்தமாம் அம்மா."

மனோவின் கை மாவிலேயே நின்றுவிட்டது. பிறகு என்னைப் பார்த்தாள். குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்று அவள் வாய் திறந்து சொல்லவே தேவையில்லை. என் பயணம் அந்தப் பார்வையிலேயே முடிவாகிவிட்டது.

வள்ளிக்குச் சொன்ன காரணம் வேறு. "அப்பா காவலுக்கு வரட்டும். இல்லையெண்டால் அனுப்பேலாது." வள்ளி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு, "சரி, வரட்டும். ஆனால் தன்ரை முதுகுப் பையைத் தானே தூக்கோணும்" என்றாள்.

பிறகு வீசாவுக்கு ரெர்மின் என்கிற நேரப் பதிவு, லீவுக்கு அன்ராக் என்கிற விண்ணப்பம், வெளிநாட்டவர் அலுவலகத்தில் இன்னொரு ரெர்மின். "பெருவில் உங்களுக்கு உறவினர் யாரும் இருக்கிறார்களா?" என்று அங்கே இருந்த பெண் கேட்டாள். முருகனை உறவு என்று எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு இல்லை என்றேன். பின்னேரங்களில் முதுகுப் பையில் அரிசிப் பைக்கற்றுகளை அடுக்கிக் கால்வாய்க் கரையில் நடந்து பழகினேன். நாயோடு வருகிற கிழவர்கள் எனக்கு வணக்கம் சொல்லத் தொடங்கினார்கள். புறப்படும் அன்று மனோ மஞ்சள் பூசிய பச்சை அரிசி ஒரு பிடியைத் துணியில் முடிந்து என் சட்டையின் உள்பையில் வைத்துத் தைத்தே விட்டாள்.

3

லீமா விமான நிலையத்தில், வள்ளி போன வருடம் எடுத்த சிவப்பு ஜேர்மன் கடவுச்சீட்டை அதிகாரி திறந்து பார்க்கக்கூட இல்லை, முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டான். என் நீலப் புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பினான், வெளிச்சத்தில் பிடித்தான், இன்னொருவனைக் கூப்பிட்டான். எனக்குப் பழைய வியர்வை வந்தது. வள்ளி திரும்பி வந்து, பள்ளியில் படித்த ஸ்பானிஷில் என்னவோ நீளமாகச் சொன்னாள். முத்திரை விழுந்தது.

"என்ன பிள்ளை சொன்னனி?"

"இவர் என்னோடை வந்தவர், இவருக்கு நான் பொறுப்பு எண்டு சொன்னன்."

காவலுக்குப் போனவன் நான். பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.

குஸ்கோ நகரத்தில் மூச்சுப் பழகும்வரை தங்கினோம். பிறகு பஸ்ஸிலும் லொறியிலுமாக ஒரு மலைக் கிராமத்துக்குப் போனோம். அங்கே செவெரினோ என்கிற கோவேறு கழுதைக்காரர் இரண்டு கழுதைகளோடு எங்களோடு சேர்ந்துகொண்டார். என் வயதுதான் இருக்கும். எனக்கு அவருடைய பாஷை தெரியாது, அவருக்கு என்னுடையது தெரியாது. அதனால் இருவரும் நன்றாகப் பழகினோம்.

முதல் நாள் முழுக்க இறக்கம். இறங்குவது சுகம் என்று நினைப்பவர்கள் இறங்கிப் பார்க்க வேண்டும். முழங்கால் இரண்டும் தனித்தனியே முறைப்பாடு சொன்னது. கீழே போகப் போக வெக்கை ஏறியது, கள்ளி வந்தது, எங்கள் பக்கத்து முட்செடிகள் மாதிரியே செடிகள் வந்தன. ஆழத்தில் அப்புரிமாக் ஆறு பச்சை நூலாகக் கிடந்தது. பின்னேரம் அந்த நூல் இரைச்சலாக மாறி, இரவெல்லாம் கூடாரத்துக்குப் பக்கத்தில் உறுமியது. கரையில் கண்ணுக்குத் தெரியாத ஈக்கள் கணுக்காலைக் கடித்து வீங்க வைத்தன. யூலியா ஒவ்வொரு கடியையும் எண்ணி ஜேர்மன் முறைப்படி களிம்பு பூசினாள். நான் திருநீறு பூசினேன். இரண்டாலும் ஒரு பலனும் இல்லை.

ஜேர்மன்காரர் சும்மா நடப்பதற்காக நடப்பார்கள். எங்கள் சனம் நடக்கிறது என்றால் பின்னால் ஏதோ துரத்துகிறது என்று அர்த்தம். சில வருடங்களுக்கு முன் என் தமக்கை குடும்பமும் ஊர் முழுவதும் சண்டைக்குப் பயந்து ஒரே இரவில் மழையில் மூட்டையோடு நடந்தார்கள். நான் அதை, நாங்கள் இருக்கிற ஹம் நகரத்தில் சூடான அறையில் இருந்து ரெலிபோனில் கேட்டேன். அந்த மலைப்பாதையில் நான் தூக்கி வைக்கிற ஒவ்வொரு அடியிலும் அக்கா ஞாபகம் வந்தது. சந்தோஷமாக நடக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். ஆனால் கொஞ்சத் தூரம் போனதும் கேள்வியும் களைத்துவிட்டது. மூச்சும் மணிச் சத்தமும்தான் மிஞ்சின. கண் திறந்தபடியே நித்திரை கொண்டது மாதிரி ஒரு நடை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அது இன்பமாக இருந்தது.

ஓய்வெடுத்த இடத்தில் செவெரினோ மடியிலிருந்து ஒரு துணியை அவிழ்த்தார். உள்ளே கொக்கா இலை. முறியாத இலைகளாக மூன்று தெரிந்தெடுத்து, விசிறி மாதிரி பிடித்து, மலையைப் பார்த்து ஊதிவிட்டு என்னிடம் நீட்டினார். நான் என்னை அறியாமல் எழும்பி நின்று இரண்டு கையாலும் வாங்கிவிட்டு, பாக்கு எங்கே என்று துணிக்குள் பார்த்தேன். அவர் ஒரு சாம்பல் கட்டியை எடுத்துத் தந்தார். சுண்ணாம்புக்குப் பதில் அது. வாயில் அதக்கியதும் கன்னம் மரத்தது.

"அப்பா, வெத்திலை எண்டு நினைச்சிட்டியளோ?" என்று வள்ளி சிரித்தாள்.

"வெத்திலை வாங்கினால் சொல்லுக்குக் கட்டுப்பட்டது பிள்ளை. இனி இந்த மனிசன் கூப்பிட்ட இடத்துக்குப் போகத்தான் வேணும்."

ஆற்றுக்கு மேலே ஒரு வளைவில் கூரையில்லாத வீடு ஒன்று நின்றது. செவெரினோ அதைக் காட்டி ஏதோ சொன்னார். முன்பு ஆமியும் கெரில்லாக்களுமாக இரண்டு பக்கத்து ஆட்களும் மாறி மாறி வந்ததாலே ஊரே லீமாவுக்கு ஓடிப் பல வருடம் கழித்துத்தான் திரும்பியதாம் என்று வள்ளி மொழிபெயர்த்தாள். எந்தப் பக்கம் கூடக் கெடுதல் செய்தது என்று யூலியா கேட்டாள். செவெரினோ தோளைக் குலுக்கிவிட்டுக் கழுதையின் பட்டியை இறுக்கினார். நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டேன்.

4

ஆற்றைக் கடந்தபிறகு ஏற்றம். மலை செங்குத்தாக நின்றது, பாதை அதன்மேல் வளைந்து வளைந்து போனது. காலையில் வெயிலாக இருந்தது. மத்தியானத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து முகில் எழும்பி வந்தது. முதலில் ஆறு மறைந்தது, பிறகு எதிர்மலை, பிறகு எனக்கு முன்னால் இருந்த வளைவு. பிள்ளைகள் இருவரும் முன்னே போய்விட்டார்கள். செவெரினோ கழுதைகளோடு பின்னால். நான் நடுவில், வெள்ளைக்குள்ளே, என் மூச்சை நானே கேட்டுக்கொண்டு ஏறினேன்.

ஒரு திருப்பத்தில் யூலியா சப்பாத்தைக் கழற்றி வைத்து காலுக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தாள். தனியாக.

"வள்ளி எங்கே?"

"முன்னால் போய்விட்டாள். படம் எடுக்கப் போகிறேன் என்றாள். கனநேரம் ஆகிவிட்டது."

இடது பக்கம் பார்த்தேன். பாதையின் விளிம்பு இருந்தது, அதற்கப்பால் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை. ஆற்றின் சத்தம் மட்டும் எங்கோ அடியில் இருந்து வந்தது.

"வள்ளி" என்று கூப்பிட்டேன். முகில் சத்தத்தை அப்படியே விழுங்கியது. பையை எறிந்துவிட்டு ஏறினேன். ஓட முடியவில்லை, அந்த உயரத்தில் யாராலும் ஓட முடியாது. இரண்டு வளைவு கடந்தும் ஆளில்லை. அப்போது மனோ சொன்னது நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது. கெடு தாண்டிய பொருளை உடையவர் வந்து எடுப்பார். நான் படித்தவன், தொழிற்சங்கக் கூட்டத்தில் எழும்பிப் பேசுகிறவன். அந்த நேரம் அதெல்லாம் ஒன்றுக்கும் உதவவில்லை. பாறையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டே சொன்னேன்.

"முருகா, விலை கொண்டு வந்திருக்கிறன். பிந்தினது என்ரை பிழையில்லை, பாதை இல்லை. மேலை வந்து தாறன். அதுக்குள்ளை எடுத்துப்போடாதை."

இன்னும் ஒரு வளைவு ஏறினேன். முகில் கொஞ்சம் விலகி ஒரு சின்ன வீடு தெரிந்தது. வாசல் கல்லில் வள்ளி இருந்தாள். மடியில் அந்த வீட்டுக் குழந்தை. கையில் கரும்புத் துண்டு. வீட்டுக்காரியோடு சாவதானமாகக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, முகம் வெளுத்துப் போச்சு? பை எங்கை?"

ஏச வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. பத்தொன்பது வருடம் அவளுக்கு ஏசிப் பழகாத வாய். பக்கத்தில் இருந்தேன். அவள் கரும்பில் பாதியை முறித்துத் தந்தாள். அதைச் சப்பி முடித்தபிறகுதான் எறிந்த பையை எடுக்கக் கீழே இறங்கினேன்.

5

அடுத்த நாள் காலை இடிபாடுகளுக்குள் போய்ச் சேர்ந்தோம். காவலாளி ஒருவர் தூரத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். வேறு மனிதர் இல்லை. பாதி ஊரைக் காடு வைத்திருந்தது, பாதியை வெளியே விட்டிருந்தது. கூரையற்ற வீடுகள், சுவருக்குள் மாடங்கள், படி படியாகத் தோட்டங்கள், தண்ணீர் வற்றிய வாய்க்கால்கள். முகில் வாசலால் உள்ளே வந்து யன்னலால் வெளியே போனது. நாங்கள் மெதுவாகக் கதைத்தோம். யாரோ பகல் நித்திரை கொள்கிற வீட்டுக்குள் வந்துவிட்டது போல யூலியாகூட நுனிக்காலில் நடந்தாள்.

ஊருக்கு மேலே ஒரு குன்று. அதன் தலையைச் சீவித் தட்டையாக்கிச் சுற்றிவரக் கல் வைத்திருக்கிறார்கள். இங்கேதான் இன்கா ஆட்கள் பூசை செய்திருக்க வேண்டும் என்று வள்ளி சொல்லியிருந்தாள். பிள்ளைகள் கீழே சுவர்களை அளந்துகொண்டிருந்தபோது நான் தனியே அங்கே ஏறினேன். சப்பாத்தைக் கழற்றினேன். புல் ஈரமாகவும் குளிராகவும் இருந்தது. மூன்று பக்கமும் மலை ஆற்றுக்குள் விழுகிறது. கழுகு ஒன்று எனக்குக் கீழே பறந்து போயிற்று. பறவையின் முதுகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சட்டையின் தையலைப் பல்லால் கடித்து அரிசி முடிச்சை எடுத்தேன். கர்ப்பூரம் காற்றில் நிற்கவில்லை. கண்ணை மூடினேன். சொல்ல வேண்டியது சின்ன வசனம்: என் பிள்ளையை எனக்குத் தா. அது வரமாட்டேன் என்றது. சொன்னால் லண்டன். சொல்லாவிட்டால் முந்திய நாள் முகிலுக்குள் நான் பட்ட பாட்டை மனோ ஒவ்வொரு நாளும் படுவாள். அங்கே நின்று தவித்தேன்.

"அப்பா, என்ன செய்யிறியள்?"

வள்ளி பின்னால் நின்றாள். பொய் சொல்ல எனக்கு மூச்சுப் போதவில்லை. கல்லில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். கோவில் படி, நேர்த்தி, கெடு, அம்மாவின் பயம், லண்டன் மாப்பிள்ளை, எல்லாம். கோபிப்பாள் அல்லது சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

"அதாலையோ அம்மா எனக்கு ஒரு நாளும் ஏசேல்லை?"

"ஓம் பிள்ளை. சாமியின்ரை பிள்ளைக்கு ஏசக்கூடாதெண்டு."

அவள் ஈரப் புல்லில் ஓர் இழையைப் பிடுங்கி விரலில் சுற்றினாள்.

"தம்பிக்குக் கத்துவா. பிறகு கட்டிப்பிடிச்சுச் சோறு தீத்துவா. எனக்கு ரெண்டும் இல்லை. 'சரி பிள்ளை, சரி பிள்ளை' எண்டிட்டுப் போயிடுவா. வீட்டுக்கு வந்த விருந்தாள் மாதிரி. அம்மாவுக்கு என்னிலை விருப்பமில்லையாக்கும் எண்டு சின்னனிலை இருந்தே நினைச்சனான். அதுதான் பள்ளியிலை மொடேர்ன் எண்டு சொல்லித் திரிஞ்சது."

ஒரே வீட்டில் இவ்வளவு காலம் இருந்தும் இது எனக்குத் தெரியாது. மனோவுக்கும் தெரியாது.

வள்ளி கையை நீட்டினாள். "அரிசியைத் தாங்கோ. நான் வாங்கலாமோ?"

"ஆரை?"

"என்னை."

"அப்பிடி வழக்கம் இல்லை பிள்ளை. பெத்தவைதான் வாங்கிறது."

"வித்தது என்னைத்தானே அப்பா. உங்களுக்குத் தாறவர் எனக்குத் தரமாட்டாரோ? கேட்டுப் பாப்பம்."

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குச் சாத்திரம் தெரியாது. முடிச்சைக் கொடுத்தேன். அவளும் சப்பாத்தைக் கழற்றினாள். நடுவில் இருந்த கல்லொன்றில் அரிசியைக் கொட்டினாள். கை கூப்பத் தெரியும், என்ன சொல்வதென்று தெரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் தமிழிலேயே சொன்னாள்.

"முருகன், நான் வள்ளி. பிந்தினதுக்கு மன்னிக்கோணும். இவ்வளவு நாளும் பாத்ததுக்கு நன்றி. இப்ப என்னை என்னட்டைத் தாங்கோ."

ஒன்றும் நடக்கவில்லை. முகில் வந்தது, போனது. சின்னக் குருவி ஒன்று வந்து அரிசியைக் கொத்தத் தொடங்கியது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவள் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

6

திரும்பி அதே மலையை இறங்கி, அதே ஆற்றைக் கடந்து, முதல் நாள் இறங்கிய இறக்கத்தை ஏறியதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. என் கால் பெருவிரல் நகங்கள் இரண்டையும் அங்கே கொடுத்துவிட்டு வந்தேன். குஸ்கோவில் ஒரு ரெலிபோன் கடையில் காட் வாங்கி வீட்டுக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே மனோ எடுத்தாள்.

"வாங்கியாச்சோ?"

"வாங்கியாச்சு."

அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும். அழுகிறாள் என்று தெரிந்தது. கொஞ்சம் பொறுத்து மூக்கை உறிஞ்சிவிட்டு, "அப்ப லண்டன்காரருக்கு நாளைக்கே எடுத்துச் சொல்லுவம்" என்றாள்.

"அதை என்னட்டைக் கேளாதையும். வாங்கினது நானில்லை. அவள்தான். தன்னைத் தானே வாங்கிப்போட்டாள்."

ரெலிபோன் காட் காசு இறங்குவதைச் சின்னத் திரையில் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆரைக் கேட்டு?"

"சாமியைக் கேட்டுத்தான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"மறிக்கேல்லை."

முகிலுக்குள் அவளைக் காணாமல் நான் தவித்ததையும் சொன்னேன். "இஞ்சாரும்," என்றேன் நான். "அவளுக்கு நீர் ஒரு நாளும் ஏசாதது பெரிய மனவருத்தமப்பா. தன்னிலை விருப்பமில்லை எண்டு நினைச்சுக்கொண்டு வளந்திருக்கிறாள்."

"அவளிட்டைக் குடுங்கோ ரெலிபோனை."

அந்தக் குரலை, மகன் பள்ளிக்கூடத்தில் குழப்படி செய்துவிட்டு வந்த நாட்களில் கேட்டிருக்கிறேன். வள்ளியிடம் கொடுத்தேன். "அம்மா?" என்றாள். அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. மனோ தொடங்கிவிட்டாள். பக்கத்தில் நின்ற எனக்கே ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"எருமை. தகப்பனைத் தவிக்க விட்டிட்டுத் தனிய மலையிலை போவியோ? ஆரைக் கேட்டு உன்னை நீ வாங்கினனி? பெரிய மனிசி ஆகிட்டியோ? தலைமயிரை வெட்டிப்போட்டு வந்து நிண்டியே, அண்டைக்கு எனக்கு வயிறு எப்பிடிப் பத்தி எரிஞ்சது தெரியுமோ? நான் சமைச்ச கறியைத் தள்ளிப்போட்டு வெறும் பாண் திண்டியே, அந்தப் பதினோராம் வகுப்பு முழுக்க. பெர்லினிலை ஆரடி உனக்குச் சமைச்சுத் தாறது? அந்தக் குளிருக்குக் காதை மூடாமல் திரிஞ்சால் வந்து முறிப்பன். கிழமைக்கு ஒருக்கால் வீட்டை வரோணும், சொல்லிப்போட்டன்..."

வள்ளி சுவரில் சாய்ந்து, ரெலிபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தால் ஓடிக் கழுத்துக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. "ஓம் அம்மா. ஓம் அம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். யூலியா பயந்துபோய் என்ன கெட்ட செய்தி என்று என்னைக் கேட்டாள். ஒன்றுமில்லை, தாய் கதைக்கிறாள் என்றேன்.

திடீரென்று தொடர்பு அறுந்தது. காட் முடிந்துவிட்டது. வள்ளி வெறும் ரெலிபோனைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கெதியா இன்னொரு காட் வாங்குங்கோ அப்பா," என்றாள். "அம்மா இன்னும் ஏசி முடிக்கேல்லை."